மின்ஸ்க் விமான நிலையத்தில் காணாமற்போன ஒளிப்பதிவாளர்: ஸவாத்ஸ்கி வழக்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணாமற்போன சக பத்திரிகையாளரைத் தேடிப் புறப்படும் நிருபர் என்பது திகில் நாவல்களில் மட்டுமே வரும் பாத்திரமா?

இல்லை. நிஜத்தில் அப்படிப் புறப்பட்டவர்களுள் முதலில் சொல்ல வேண்டிய பெயர் பாவெல் ஷெரமெத். பெலாரஸ் நாட்டைச் சேர்ந்த இந்தத் தொலைக்காட்சிச் செய்தியாளருடன் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒளிப்பதிவாளர் த்மித்ரி ஸவாத்ஸ்கி, 2000 ஜூலை 7 அன்று, ஷெரமெத்தையே வரவேற்கத் தலைநகர் மின்ஸ்கின் விமான நிலையத்துக்கு வந்த இடத்தில் மாயமானார். அன்றிலிருந்து ஷெரமெத் அந்த வழக்கை விடவில்லை. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 ஜூலையில், உக்ரைன் தலைநகர் கீவில் கார் குண்டு வெடித்து அவரும் கொல்லப்பட்டார். அவரது கொலையைத் துப்புத்துலக்கும் வேலை அடுத்த தலைமுறைப் பத்திரிகையாளர்களின் கைக்குப் போனது. ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தால், ‘கொஞ்சம் மிகையாக இருக்கிறதே’ என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஸவாத்ஸ்கி யார்?

1972இல் பிறந்தவர். பெலாரஸ் அரசுத் தொலைக்காட்சியில் பணியாற்றியபோது, 1994இல் ஆட்சிக்கு வந்த அதிபர் அலெக்சாந்தர் லுகஷென்கோவின் நிகழ்ச்சிகளைப் படம்பிடிக்கும் தனி ஒளிப்பதிவாளராக இருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டு, ரஷ்யாவின் ஓ.ஆர்.டி. தொலைக்காட்சியின் மின்ஸ்க் அலுவலகத்தில் ஷெரமெத்துடன் சேர்ந்தார். அதிபருக்கு அருகிலேயே நின்று படமெடுத்தவர் அரசை விமர்சிக்கும் செய்தியாளரின் பக்கம் போய்ச் சேர்ந்தது சாதாரண வேலைமாற்றமாகப் பார்க்கப்படவில்லை.

இருவரும் ஏற்கெனவே ஒருமுறை கைதாகியிருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1997 ஜூலையில் பெலாரஸ்-லிதுவேனியா எல்லையில் காவலே இல்லாத பகுதிகள் எவ்வளவு எளிதாகக் கடத்தல்காரர்களுக்குப் பயன்படுகின்றன என்பதைக் காட்டும் செய்திப்படம் ஒன்றை இருவரும் எடுத்தனர். எல்லையைச் சட்டவிரோதமாகக் கடந்ததாகச் சொல்லி அவர்களைக் கைது செய்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் லுகஷென்கோ ரஷ்ய மாகாண நகரங்கள் சிலவற்றுக்கு விமானத்தில் செல்லவிருந்தபோது, முதலில் ஷெரமெத்தை விடுதலை செய்யட்டும் என்று சொல்லி ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்த்சின் அந்த விமானத்துக்கு அனுமதி மறுத்துவிட்டார். சில நாட்களில் ஷெரமெத் சிறையிலிருந்து வெளியே வந்தார். 1998 ஜனவரியில் ஷெரமெத்துக்கு இரண்டு ஆண்டுகளும் ஸவாத்ஸ்கிக்கு ஒன்றரை ஆண்டுகளும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையாக விதிக்கப்பட்டன.

இந்தச் சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ரஷ்யத் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஊழியர் என்பது அவர்களுக்கு ஓரளவு கவசமாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் யெல்த்சின் பதவியில் இல்லை.

2000 ஜூலை 7 அன்று என்ன நடந்தது?

மாஸ்கோவிலிருந்து விமானத்தில் வரும் ஷெரமெத்தை அழைத்துச் செல்ல, மின்ஸ்க் நகரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விமான நிலையத்துக்கு ஸவாத்ஸ்கி தன் காரில் சென்றார். அவரை அங்கே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஷெரமெத் இறங்கி வந்து பார்த்தபோது அவர் இல்லை. கார் மட்டும் நிறுத்துமிடத்தில் பூட்டியபடி நின்றது. பட்டப்பகலில், ஆட்கள் நடமாட்டமும் காவலும் உள்ள இடத்தில், கூச்சல், கைகலப்பு எதுவும் யார் கவனத்துக்கும் வராமல் ஒருவரை அழைத்துச் சென்றிருக்கிறார்கள் என்றால், அழைத்தவர்கள் அதிகாரிகளைப்போல நடந்துகொண்டிருக்க வேண்டும் அல்லது அதிகாரிகளாகவே இருந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பது இயல்பு. பின்னர் தண்டிக்கப்பட்டவர் முன்னாள் சிறப்புப் படை அதிகாரி என்பது அந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்தது.

இதற்கும் செச்சன்யப் போருக்கும் என்ன சம்பந்தம்?

ரஷ்யா செச்சன்யப் பிரிவினைப் போராளிகளோடு நடத்திய இரண்டாம் செச்சன்யப் போரின்போது ஷெரமெத்தும் ஸவாத்ஸ்கியும் அங்கே சென்று ஆவணப்படத் தொடர் ஒன்றை எடுத்தனர். பெலாரஸ் சிறப்புப் படைகளைச் சேர்ந்த முன்னாள் வீரர் ஒருவர் செச்சன்யப் போராளிகளின் தரப்பில் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டு ரஷ்யர்களிடம் பிடிபட்ட விவகாரத்தை ஸவாத்ஸ்கி பின்னர் பத்திரிகை ஒன்றிடம் பேசினார். அந்த வீரர், உள்துறை அமைச்சகத்தின் ‘அல்மாஸ்’ சிறப்புப் பிரிவில் இருந்த வலேரி இக்னாத்தோவிச் என்றும், அந்தப் பேச்சுக்குப் பழிதீர்க்கவே அவர் ஸவாத்ஸ்கியைக் கடத்தினார் என்றும் அரசுத்தரப்பு வாதிட்டது.

அப்படியானால் குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டாரே, பிறகென்ன புதிர்?

இக்னாத்தோவிச் 2000 ஆகஸ்டில் கைதானார். அவரது காரில் கிடைத்த மண்வெட்டி ஒன்றில் இருந்த இரத்தக்கறை ஸவாத்ஸ்கியுடையது என்று மரபணுப் பரிசோதனை காட்டியது. வழக்கில் கிடைத்த நேரடித் தடயம் என்று சொல்லத்தக்கது அந்த மண்வெட்டிதான். மூடிய நீதிமன்ற அறையில் நடந்த விசாரணைக்குப் பிறகு, 2002 மார்ச் 14 அன்று, இக்னாத்தோவிச்சுக்கும் கூட்டாளி மாக்சிம் மாலிக்குக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அவர்கள்மீது வேறு பல கொலைகளும் சாட்டப்பட்டிருந்தன. ஸவாத்ஸ்கி விஷயத்தில் நிரூபணமானதாக நீதிமன்றம் ஏற்றது கடத்தலை மட்டுமே.

கடத்தி எங்கே கொண்டுபோனார்கள், கொன்றார்களா, கொன்றால் உடல் எங்கே, யார் சொல்லிச் செய்தார்கள் ஆகிய நான்கு கேள்விகளில் ஒன்றுகூட அந்தத் தீர்ப்பில் விடைபெறவில்லை. இரத்தம் தோய்ந்த மண்வெட்டியைச் சான்றாக ஏற்றுக்கொண்டு, அதைக்கொண்டு தோண்டிய குழி எங்கே என்று கேட்காமல் வழக்கை முடித்துவைப்பது விந்தையான நீதிபரிபாலனம்.

ஷெரமெத் எப்படி விசாரித்தார்?

முதலில், அவர் வழக்கின் சாட்சிகளில் ஒருவர். தன்னை வரவேற்க வந்தவரைத்தான் தேடுகிறார். இரண்டாவது, அவருக்கு மாஸ்கோவில் வேலை இருந்தது. ரஷ்யத் தொலைக்காட்சி அன்று பெலாரஸ் வீடுகளில் பரவலாகப் பார்க்கப்பட்டதால், உள்நாட்டில் அச்சேற முடியாத விஷயத்தை வெளியிலிருந்து சொல்ல முடிந்தது. காணாமற்போனவர்களைப் பற்றி அவர் ஆவணப்படங்கள் எடுத்தார். ‘பெலாரஸ்கி பார்த்திசான்’ என்ற செய்தித்தளத்தையும் பின்னர் நிறுவினார். 2004 அக்டோபரில் மின்ஸ்க் சென்றிருந்தபோது தெருவில் தாக்கப்பட்டார். 2010இல் அவரது பெலாரஸ் குடியுரிமை பறிக்கப்பட்டது.

இங்கே திகில் கதைக்கும் நிஜத்துக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கதையில் நிருபர் இரவோடிரவாகப் பூட்டை உடைத்துக் கோப்பை எடுப்பார். இந்த வழக்கில் முக்கியமான தாள்களை எடுத்து வந்தவர்கள் அரசாங்கத்துக்குள்ளேயே இருந்தவர்கள்: அரசு வழக்கறிஞர் அலுவலகப் புலனாய்வாளர்கள், காவல்துறைத் தளபதி ஒருவர், சிறைக் கண்காணிப்பாளர் ஒருவர். அவர்கள் சொன்னதை மறக்கவிடாமல், ஒன்றோடொன்று பொருத்தி, ஆண்டுதோறும் மறுபடி மறுபடி பேசியதே ஷெரமெத் போன்றவர்களின் பங்கு. இதைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. நாடு விட்டுத் தப்பிய அதிகாரியின் வாக்குமூலத்துக்கு ஒரு வாரம்தான் செய்தி மதிப்பு. அதைப் பதினாறு ஆண்டு உயிரோடு வைத்திருக்கப் பிடிவாதக்காரர் ஒருவர் வேண்டும்.

2000 நவம்பரில் நடந்ததாகச் சொல்லப்படும் கைதும் விடுதலையும் என்ன?

வழக்கின் மையமே இதுதான். ஸவாத்ஸ்கிக்கு முன்பே பெலாரஸில் மூவர் மாயமாகியிருந்தனர்: 1999 மே 7 அன்று முன்னாள் உள்துறை அமைச்சர் யூரி ஸகாரென்கோ; அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று எதிர்க்கட்சித் தலைவர் விக்தர் கன்சார், உடன் அவரது நண்பரும் தொழிலதிபருமான அனத்தோலி க்ராசோவ்ஸ்கி. இக்னாத்தோவிச் குழுவைப் பின்தொடர்ந்த புலனாய்வாளர்கள், அதன் நூல் உள்துறைச் சிறப்புப் படைத் தளபதி த்மித்ரி பாவ்லிச்சென்கோவிடம் போய் முடிவதாகக் கருதினர். 2000 நவம்பர் 22 அன்று, தலைமை அரசு வழக்கறிஞர் ஒலெக் பஜெல்கோவின் ஒப்புதலுடன் பாவ்லிச்சென்கோ கைது செய்யப்பட்டார். காணாமற்போனவர்கள் மின்ஸ்கின் வடக்குக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில், புதைந்த உடல்களைக் கண்டறியும் கருவிகளை அனுப்புமாறு பஜெல்கோ ரஷ்யாவிடம் கேட்டிருந்தார்.

கருவிகளுக்கு வேலை வைக்கப்படவில்லை. அதிபரின் உத்தரவால் பாவ்லிச்சென்கோ உடனே விடுவிக்கப்பட்டார். நவம்பர் 27 அன்று பஜெல்கோவும், கே.ஜி.பி. தலைவர் விளாதிமிர் மத்ஸ்கேவிச்சும் பதவி நீக்கப்பட்டனர். (பெலாரஸில் உளவு நிறுவனத்துக்கு இன்றுவரை அதே பழைய பெயர்தான்.) புதிய தலைமை அரசு வழக்கறிஞராக வந்தவர் விக்தர் ஷெய்மன், அதாவது, புலனாய்வுத் தாள்களில் சந்தேகத்துக்குரியவராகக் குறிக்கப்பட்டிருந்தவரின் மேசைக்கே அந்தத் தாள்கள் போய்ச் சேர்ந்தன. 2001 ஜூனில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தைச் சேர்ந்த புலனாய்வாளர்கள் இருவர் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்து, நாட்டில் கொலைக்குழு ஒன்று இயங்கியதாக வெளிப்படையாக அறிவித்தனர்.

தூக்கிலிடப் பயன்படும் துப்பாக்கி என்று ஏதோ படித்தேனே?

பெலாரஸில் மரண தண்டனை தூக்கினால் அல்ல, பின்தலையில் சுடுவதால் நிறைவேற்றப்படுகிறது. அதற்கென்று ஓசையடக்கி பொருத்திய பி.பி-9 வகைக் கைத்துப்பாக்கி, மின்ஸ்க் முதலாம் எண் விசாரணைச் சிறையின் பொறுப்பில் இருந்தது. அந்தச் சிறையின் தலைவர் ஒலெக் அல்காயெவ், மேலிடத்து உத்தரவின்படி அந்தத் துப்பாக்கி இருமுறை வெளியே கொடுக்கப்பட்டதாகச் சொன்னார். சிறையின் பதிவேட்டின்படி முதல் முறை 1999 ஏப்ரல் 30 அன்று போய் மே 14 அன்று திரும்பியது. இரண்டாம் முறை செப்டம்பர் 16 அன்று போய் 18 அன்று திரும்பியது. மேலே சொன்ன மூவரும் மறைந்த தேதிகளை இவற்றோடு வைத்துப் பாருங்கள். தேதிகளின் பொருத்தத்தை அல்காயெவ் உணர்ந்தது பிற்பாடுதான். 2001இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

காவல்துறைத் தளபதி நிக்கோலாய் லபாத்திக் தன் கைப்பட எழுதிய 2000 நவம்பர் 21ஆம் தேதிக் குறிப்பும் இதே துப்பாக்கியைச் சொல்லி, அதை ஏற்பாடு செய்யச் சொன்னவர் ஷெய்மன் என்றது. அந்தக் குறிப்பு வெளியே கசிந்தது. எழுதியது தான்தான் என்று லபாத்திக் ஒப்புக்கொண்டார். அதில் சொன்ன அனுமானம் தவறு என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. துப்பாக்கிச் சான்று 1999ஆம் ஆண்டு வழக்குகளுக்கு உரியது. ஸவாத்ஸ்கி வழக்கை அவற்றோடு இணைப்பது பாவ்லிச்சென்கோ-இக்னாத்தோவிச் தொடர்பு குறித்த சந்தேகமே ஒழிய, அந்தப் பதிவேடு அல்ல. நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது வழக்குக்கு உதவாது.

வெளிநாட்டு அமைப்புகள் எதுவும் விசாரிக்கவில்லையா?

ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்றப் பேரவை, சைப்ரஸ் உறுப்பினர் கிறிஸ்தோஸ் பூர்கூரிதெஸை அறிக்கையாளராக நியமித்தது. காணாமற்போதல்களின் உண்மைப் பின்னணியை மறைக்க அரசின் உயர்மட்டத்திலேயே நடவடிக்கை எடுக்கப்பட்டதாகவும், மூத்த அதிகாரிகளே சம்பந்தப்பட்டிருக்கலாம் என்றும் அவரது அறிக்கை முடிவுக்கு வந்தது. 2004 ஏப்ரலில் பேரவை அதை ஏற்றது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்ட அதிகாரிகள் தன் எல்லைக்குள் நுழையத் தடை விதித்தது.

பெலாரஸ் அரசு என்ன சொல்கிறது?

மறுக்கிறது.

2000ஆம் ஆண்டிலேயே உக்ரைனில் இன்னொரு பத்திரிகையாளர் காணாமற்போனாரே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வழக்கு அளவில் இல்லை. மனிதர்கள் அளவில் உண்டு. ‘உக்ரைன்ஸ்கா பிராவ்தா’ இணைய இதழை நிறுவிய கியோர்கி கொங்காட்ஸே 2000 செப்டம்பர் 16 இரவு கீவில் மறைந்தார். நவம்பரில் தராஷ்சா என்ற சிற்றூரை ஒட்டிய காட்டில் தலையற்ற உடல் ஒன்று கிடைத்தது. அங்கே முதலில் விரைந்தவர்கள் அவருடன் இதழை நடத்திய ஒலேனா ப்ரித்துலாவும் நண்பர்களும். உடலோடு கிடைத்த நகைகளை அடையாளம் கண்டார்கள். ஜார்ஜியாவின் சுகுமி போர்முனையில் அவர் கையில் பாய்ந்த குண்டுச் சிதறலின் சுவடு எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. உடலை எடுத்துச் செல்லச் சவப்பெட்டி ஏற்பாடு செய்யப் போய்த் திரும்புவதற்குள் அதிகாரிகள் உடலை அங்கிருந்து அகற்றிவிட்டிருந்தனர். அந்த வழக்கில் காவல்துறையினர் மூவர் 2008இலும், அவர்களின் மேலதிகாரி ஒலெக்சி புக்காச் 2013இலும் தண்டிக்கப்பட்டார்கள். உத்தரவிட்டவர் என்று எவரும் தண்டிக்கப்படவில்லை.

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால் உடல் கிடைப்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது புரியும். தராஷ்சாவில் சக பத்திரிகையாளர்கள் அடையாளம் கண்ட அந்த ஒரு நாளின் வேலை, ‘அவர் எங்கோ உயிரோடுதான் இருக்கிறார்’ என்ற பேச்சுக்கு இடம் வைக்கவில்லை. மின்ஸ்கில் அந்த வாய்ப்பு எவருக்கும் கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் கீவில் குடியேறிய ஷெரமெத், இதே ‘உக்ரைன்ஸ்கா பிராவ்தா’வில் பணியாற்றினார், ப்ரித்துலாவின் வாழ்க்கைத் துணையுமானார்.

ஷெரமெத்தின் கொலையை யார் துப்புத்துலக்கினார்கள்?

2016 ஜூலை 20 காலை எட்டு மணிக்குச் சற்று முன், வானொலி நிகழ்ச்சிக்காக ப்ரித்துலாவின் சுபாரு காரை ஓட்டிச் சென்றபோது, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே பொருத்தியிருந்த குண்டு வெடித்தது. முந்தைய இரவு ஓர் ஆணும் பெண்ணும் காரருகே வந்து குண்டை வைத்தது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது.

காவல்துறை விசாரணை நகராத நிலையில், ‘ஸ்லித்ஸ்த்வோ இன்ஃபோ’ என்ற உக்ரைனிய அமைப்பும் ஓ.சி.சி.ஆர்.பி. என்னும் பன்னாட்டுப் புலனாய்வு இதழியல் கூட்டமைப்பும் சேர்ந்து, அந்தத் தெருக்களின் கடைகள், வீடுகள் என்று ஏறி இறங்கிக் கேமராப் பதிவுகளைத் திரட்டின. காவல்துறை கேட்டே வராத பதிவுகளும் அவற்றில் இருந்தன. சம்பவ இரவில் அந்தத் தெருவில் காரில் காத்திருந்த ஒருவரை வண்டியின் எண்ணைக்கொண்டு தேடிப் பிடித்தபோது, அவர் உக்ரைன் பாதுகாப்புப் பணியகத்தில் வேலை பார்த்தவர் என்று தெரியவந்தது. இந்தக் கண்டுபிடிப்புகள் 2017இல் ஆவணப்படமாக வெளிவந்தன. படம் பார்ப்பவரைக் கட்டிப்போடுவது துரத்தல் காட்சி எதுவுமல்ல. மங்கலான ஒரு பதிவில் எண் பலகை தெளிகிறதா என்று ஆட்கள் திரையையே வெறித்துக்கொண்டிருக்கும் நிமிடங்கள்தான்.

2019 டிசம்பரில் உக்ரைன் அரசு, கிழக்குப் போர்முனையில் பங்கேற்ற தன்னார்வலர்கள், மருத்துவப் பணியாளர்கள் உட்படச் சிலரைச் சந்தேக நபர்களாக அறிவித்தது. அவர்கள் குற்றச்சாட்டை மறுத்தனர். நடையை ஒப்பிட்டு ஆளை அடையாளம் கண்டதாகச் சொன்ன ஆதாரத்தின் வலிமை குறித்துப் பத்திரிகையாளர்களே கேள்வி எழுப்பினர்.

2012ஆம் ஆண்டு ஒலிப்பதிவு என்பது எது?

2021 ஜனவரியில் ‘இ.யு. அப்சர்வர்’ இதழ் வெளியிட்டது. 2012இல் பெலாரஸ் கே.ஜி.பி.யின் அன்றைய தலைவர் வதீம் ஸாய்த்செவ் என்று கருதப்படும் குரல், வெளிநாட்டிலுள்ள அரச எதிரிகளை ஒழிப்பது பற்றித் தன் ஆட்களிடம் பேசுகிறது. ஷெரமெத்தின் பெயர் அதில் வருகிறது. வெடிகுண்டு பற்றிய பேச்சும் வருகிறது. ஜெர்மனியில் வசித்த அல்காயெவ், துப்பாக்கிப் பதிவேட்டை வெளியே சொன்ன அதே சிறைத் தலைவர், பட்டியலில் இருக்கிறார். பேச்சு நடந்தது கொலைக்கு நான்கு ஆண்டுகள் முன்பு என்பதால் இதை மட்டும் வைத்துக் கொலையாளியைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் உக்ரைனியத் தன்னார்வலர்களை நோக்கி மட்டும் திரும்பியிருந்த விசாரணையின் பார்வை மின்ஸ்க் பக்கமும் போயிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

கொலைக்குழுவில் இருந்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டாராமே?

பாவ்லிச்சென்கோவின் படையில் இருந்த யூரி கராவ்ஸ்கி, 1999ஆம் ஆண்டின் மூன்று கொலைகளிலும் தான் உடனிருந்ததாக 2019 டிசம்பரில் ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல ஊடகத்திடம் சொன்னார். சுவிட்சர்லாந்தில் தஞ்சம் கோரியிருந்த அவர்மீது அங்கேயே, சங்க்ட் காலன் மாநிலத்தில், வழக்கு நடந்தது. தானே ஒப்புக்கொண்டும், சொன்னவை முன்னுக்குப்பின் முரணாக இருந்ததால், 2023 செப்டம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வாக்குமூலம் இருந்தாலே போதும், வழக்கு முடிந்துவிடும் என்று நம்பும் கதைவாசகர்கள் இந்தத் தீர்ப்பைக் கவனிக்கலாம்.

ஸவாத்ஸ்கியின் உடல் கிடைத்ததா?

இல்லை. 2003 நவம்பரில் நீதிமன்றம் அவரை இறந்தவராக அறிவித்தது. தேடுதல் விசாரணை நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதும் மறுபடி நிறுத்துவதுமாகக் கிடப்பில் போனது.

சந்தேகத்துக்கு உள்ளான அதிகாரிகள் என்ன ஆனார்கள்?

ஷெய்மன் 2004 வரை தலைமை அரசு வழக்கறிஞராக இருந்தார். பிறகு அதிபர் அலுவலகத்தின் தலைவர், பாதுகாப்பு மன்றச் செயலாளர் என்று பதவிகள் தொடர்ந்தன. 2013 முதல் 2021 வரை அதிபரின் சொத்து நிர்வாகத் துறையை நடத்தினார். பாவ்லிச்சென்கோ, படைப்பணிக்குப் பிறகு, உள்துறைச் சிறப்புப் படை முன்னாள் வீரர்களின் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார்.